ஆறு வழிச் சாலை இருக்கிறது, குறுக்குத் தெரு எங்கே? ஓஎம்ஆர் பகுதி: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் நெரிசலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் அடிபடும் பெயர்களில் ஒன்று ஓஎம்ஆர். மத்திய கைலாஷில் தொடங்கி சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பழைய மகாபலிபுரம் சாலையாக இருந்ததை 2008-இல் ஆறு வழிச் சாலையாக்கி, ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் வைத்தார்கள். அதன் பிறகு அந்தச் சாலைக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. சிக்னல்களை மூடி யூ டர்ன் வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் நான்கு சுங்கச்சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூரிலும் கட்டண வசூல் நின்றது. இந்திரா நகரிலும் டைடல் பார்க் அருகிலும் யூ வடிவ மேம்பாலங்கள் வந்தன. இப்போது நட்டநடுவில் மெட்ரோ தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன.

எல்லாமே அந்த ஒரே சாலைக்குள் செய்தவை. சாலையை விட்டு இறங்கி இரண்டு பக்கத் தெருக்களில் நடந்து பார்த்தால் வேறு கதை தெரியும். பத்துத் தெருவில் நுழைந்தால் பெரும்பாலானவை எங்காவது ஒரு சுவரில், காலி மனையில், கால்வாய்க் கரையில் போய் முட்டி நிற்கும். திரும்பி வந்த வழியே வந்து மறுபடி ஓஎம்ஆரில் ஏறித்தான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்கப் போகிறவரும் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவரும் ஒரே சாலையில் நிற்கிறார்கள். ஆறு வழியை எட்டு வழியாக்கினாலும் இந்த நிலைமை மாறாது என்பதுதான் இந்த ஆய்வின் வாதம்.

இரு பக்கமும் தண்ணீர்

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பழியில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. ஓஎம்ஆருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலை, அப்புறம் கடல். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ஏரிகளும். நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மேட்டில்தான் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

கால்வாயைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டுமா? வடக்கே திருவான்மியூர்ப் பகுதியை விட்டால் அகலமான இணைப்பு சோழிங்கநல்லூர் – அக்கரை சாலைதான். நடுவில் இருப்பவை குறுகலான உள்ளூர் வழிகள். தெற்கே போனால் அடுத்த பெரிய இணைப்பு கேளம்பாக்கம் – கோவளம் சாலை. மேற்குப் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதை. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை, சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலை, தெற்கே வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை என்று பெரிய இணைப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் சோழிங்கநல்லூர் சந்திப்பு மாலை ஆறு மணிக்கு அந்தப் பாடு படுகிறது.

இதை இயற்கை என்று விட்டுவிடலாம். ஆனால் கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவில், சாலைக்கும் சதுப்புக்கும் நடுவில் உள்ள நிலத்தில் எந்தத் தடையும் கிடையாது. அங்கேயும் தெருக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அது மனிதர்கள் செய்தது.

வயல் மனையான விதம்

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது அதற்குத் தெற்கே இருந்தவை பெரும்பாலும் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும். ஊர் நத்தம், அதைச் சுற்றி வயல், ஏரி, வண்டிப்பாதை. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் பட்டா நிலம். ஐடி கம்பெனிகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் நிலம் கைமாறியது.

மனை போடுகிறவரின் கணக்கு எளிமையானது. கையில் இருக்கும் நிலம் நீளவாக்கில் ஒரு பட்டை. நடுவில் 20 அடிக்கோ 30 அடிக்கோ ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மனைகள். ரோடு எங்கே முடிய வேண்டும்? தன் நிலம் முடிகிற இடத்தில். பக்கத்து நிலத்துக்காரருக்கு ரோட்டைத் திறந்துவிட்டால் அவருடைய நிலத்தின் விலை ஏறும், தனக்கு ஒன்றும் வராது. அதனால் தெரு முடியும் இடத்தில் இன்னொரு மனையைப் போட்டு அடைத்துவிடுவதில் லாபம். ஐந்து வருடம் கழித்துப் பக்கத்து நிலத்துக்காரரும் மனை போடுகிறார். அவருடைய தெரு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே எல்லையில் முட்டி நிற்கும். இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். மேலே இருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும்: நடுவில் ஓஎம்ஆர், இரு பக்கமும் ஒன்றையொன்று தொடாத முள்கள்.

யாரும் சட்டத்தை மீறி இப்படிச் செய்ய வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதி கேட்டு வருகிறவரிடம் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, மனைக்குப் போய்ச் சேர ஒரு சாலை இருக்கிறதா, அதன் அகலம் என்ன என்பது. ஒரு வழி இருந்தால் போதும். இரண்டாவது வழி, மூன்றாவது வழி பற்றிக் கேட்க யாருக்கும் அவசரம் இல்லை. பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் விற்ற மனைகளில் அந்தக் கேள்விகூடச் சரியாகக் கேட்கப்படவில்லை.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட் அப்படியே நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2017-இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. விற்றுப்போன மனைகளுக்கு வேறு வழியில்லை என்பதால் தெரு எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனை வாங்கியவருக்கு நிம்மதி. முட்டுச்சந்துக்கும் நிரந்தர அங்கீகாரம்.

நிர்வாக எல்லைகளும் தங்கள் பங்குக்குச் சேர்ந்துகொண்டன. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் மாநகராட்சிக்குள் வந்தது 2011-இல்தான். அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதற்குள் நிலம் பெரும்பாலும் துண்டாகிவிட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். அது செம்மஞ்சேரியோடு நின்றது. அதற்குத் தெற்கே நாவலூரும் சிறுசேரியும் ஊரமைப்பு இயக்ககத்தின் கையில். பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது 2022 அக்டோபரில். ஒரே சாலை, ஒரே வேலைச்சந்தை, ஆனால் பல அலுவலகங்கள். ஒரு ஊராட்சியின் தெரு அடுத்த ஊராட்சியின் தெருவோடு சேர வேண்டும் என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

மதில் சுவர்களின் காலம்

மனைப்பிரிவாவது பரவாயில்லை. அதில் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சட்டப்படி அது பொதுத் தெரு, என்றைக்காவது நீட்டலாம். 2005-க்குப் பிறகு வந்தது வேறு வகை: ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், இருபது ஏக்கரில் கேட்டட் கம்யூனிட்டி. உள்ளே இருக்கும் பாதை எல்லாம் தனியார் பாதை. சுற்றிலும் மதில், ஒரு கேட், ஒரு செக்யூரிட்டி, பெயர் எழுத ஒரு நோட்டு, இப்போது அதற்குப் பதில் ஒரு ஆப்.

3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் அதைப் பொதுவுக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். பூங்காவுக்கு இப்படி ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. இத்தனை மீட்டருக்கு ஒருமுறை பொதுமக்கள் குறுக்கே நடந்து போக வழி விட வேண்டும் என்று அதே அளவுக்குக் கறாரான கணக்கு இல்லை. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18 மீட்டர் சாலை இருந்தால் உயரமான கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு) 3.25 வரை கிடைக்கும். அதாவது முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தை வைத்து எவ்வளவு பேர் குடியிருக்கலாம் என்று முடிவாகிறது. அந்த மக்கள் எத்தனை பக்கம் வெளியே போக முடியும் என்பது கணக்கிலேயே வருவதில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது எப்படி இருக்கும்? அடுக்ககத்தின் ஐந்தாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பிரேயர் சத்தம்கூடக் கேட்கும். தூரம் 200 மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் குழந்தை பள்ளிக்குப் போவது வேனில். கேட்டை விட்டு வெளியே வந்து, 400 மீட்டர் தெருவைக் கடந்து ஓஎம்ஆருக்கு வந்து, இடது பக்கம் திரும்பி, யூ டர்ன் வரும்வரை போய்த் திரும்பி, மறுபடி இன்னொரு யூ டர்ன் எடுத்துப் பக்கத்துத் தெருவில் நுழைய வேண்டும். இரண்டரை கிலோமீட்டர் ஆகிவிடும். நடக்க முடியாது, சைக்கிளில் அனுப்பப் பயம். ஆக ஒரு வேன். அந்த அடுக்ககத்தில் பள்ளி செல்லும் குழந்தைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு பயணம், எல்லாம் ஓஎம்ஆரின் மேல்.

பேருந்துக்கும் இதே கதி. ஒரு பேருந்து உள்ளே போனால் இன்னொரு பக்கம் வெளியே வர வேண்டும். முட்டுச்சந்தில் பேருந்து திரும்ப முடியாது. சென்னையில் 2013-இல் சிற்றுந்துகள் வந்தபோதுகூட அவை ஓட ஒரு சுற்றுப் பாதை தேவைப்பட்டது. அது இல்லாத இடத்தில் ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லாத இடத்தில் சொந்த இரு சக்கர வாகனம். குழாய்த் தண்ணீர் சேராத அடுக்ககங்களுக்கு வரும் லாரிகளும் இதே தெருக்களில்தான் ரிவர்ஸ் எடுத்துத் திண்டாடுகின்றன.

மதில் கட்டி வாழ்கிறவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. துரைப்பாக்கத்துக்கு உள்ளே இருக்கும் கண்ணகி நகரும் எழில் நகரும் அரசே கட்டியவை. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அத்தனை குடும்பங்கள் ஓஎம்ஆருக்கு வந்து சேர இருப்பவை மிகச் சில வழிகளே. அங்கே யாரும் கேட் போடவில்லை. ஆனால் சுற்றியிருக்கும் நிலங்களில் தெரு நீளாததால் விளைவு அதேதான். வீட்டு வேலைக்குப் பக்கத்து அடுக்ககத்துக்குப் போகும் பெண்கள் எவ்வளவு தூரம் சுற்றுகிறார்கள் என்பதை எந்தப் போக்குவரத்து ஆய்வும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு ஒரு தெரு என்று கட்டம் கட்டமாகப் போட்டால் வடக்கு தெற்காக 9 உள்தெரு, கிழக்கு மேற்காக 9. ஒவ்வொன்றும் இரண்டு முனையில் வெளியே வரும். மொத்தம் 36 வாசல். அதே நிலத்தில் நான்கு வாசல் மட்டும் இருந்தால் ஒவ்வொரு வாசலும் ஒன்பது மடங்கு சுமை தாங்க வேண்டும். சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஒன்பது மடங்கைச் சமாளிக்க முடியாது. கட்டமான தெருக்களில் எங்கே போனாலும் நேர்க்கோட்டுத் தூரத்தைவிட அதிகபட்சம் 1.41 மடங்குதான் சுற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன பள்ளிக்கூடக் கணக்கில் அது 12 மடங்குக்கும் மேல்.

ஐ.நா. வாழ்விட அமைப்பு ஒரு நல்ல நகர்ப்பகுதியில் நிலத்தில் 30 சதவீதமாவது தெருக்களுக்கும், சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டராவது தெரு நீளமும் வேண்டும் என்கிறது. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுவதுமுள்ள தெருக்களைக் கணினியில் அளந்து, அவை எவ்வளவு துண்டுபட்டிருக்கின்றன என்று ஒரு குறியீடு உருவாக்கி 2020-இல் வெளியிட்டார்கள். உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்கள் பழையவற்றைவிட அதிகமாகத் துண்டுபட்டு வருகின்றன என்பது அதன் முடிவு. அவர்கள் சொல்வதில் நமக்கு முக்கியமானது ஒன்று: ஒருமுறை போட்ட தெருவமைப்பு மாறுவது மிக அரிது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்ற நூறு பேரின் பட்டா குறுக்கே நிற்கும்.

இதே ஊரில் இதே மண்ணில்

இப்படித்தான் ஆகும் என்று சென்னைக்கு ஒரு விதி கிடையாது. 1920-இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதையடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து தியாகராய நகரைத் திட்டமிட்டார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை என்று கதிர்களாகத் தெருக்கள். (ஏரியைத் தூர்த்தது சரியா என்ற கேள்வி தனி. மழைக்காலத்தில் மாம்பலத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.) பின்னாளில் வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், பெசன்ட் நகர், கே.கே. நகர் என்று போட்டதெல்லாம் பெரும்பாலும் கட்டம் கட்டமான தெருக்கள். பெசன்ட் நகரில் ஒரு தெருவில் மரம் விழுந்தால் அடுத்த தெருவில் போய்விடலாம். காரப்பாக்கத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அந்தத் தெரு முழுக்க வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

தி. நகரிலும் நெரிசல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ஊரே வந்து கூடும் கடைவீதியின் நெரிசல். ஓஎம்ஆரில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் அங்கே வர வேண்டிய தேவையே இல்லாதவர்கள்.

வித்தியாசம் எங்கே? தி. நகரிலும் அண்ணா நகரிலும் முதலில் தெரு, பிறகு வீடு. பொது அமைப்பு ஒன்று நிலம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு கோடு போட்டது. ஓஎம்ஆரில் முதலில் நெடுஞ்சாலை, பிறகு வீடு, தெரு கடைசி வரை வரவில்லை. அகமதாபாத்தில் வேறு வழி கண்டார்கள். குஜராத்தின் 1976 நகரமைப்புச் சட்டப்படி நூறு, இருநூறு பேரின் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, தெருவும் பூங்காவும் வரைந்து, மீதியைச் சீரான மனையாக அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். மொத்தத்தில் பாதி வரை பொதுத் தேவைக்கு எடுக்கலாம். நிலம் குறைந்தாலும் மதிப்பு கூடுவதால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு நிலம் வந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இந்த நில ஒருங்கிணைப்பு முறை அண்மையில் நுழைந்திருக்கிறது. பம்பாய் 1915-இல் போட்ட சட்டத்தின் வழியை குஜராத் விடாமல் பிடித்துக்கொண்டது. நாம் ஐந்து வருடம் கழித்து அதே மாதிரிச் சட்டம் போட்டுவிட்டு நடுவில் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

எங்கே திறக்கலாம், எங்கே கூடாது

இணைப்பு வேண்டும் என்றதும் சதுப்பு நிலத்தில் இன்னும் நான்கு சாலை போடக் கிளம்பிவிடக் கூடாது. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்றது, சுமார் 1,247 ஹெக்டேர். தென்சென்னையின் வெள்ளம் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக ஓஎம்ஆரைக் கடந்து பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. குறுக்கே போடும் ஒவ்வொரு மேட்டுச் சாலையும் அந்தத் தண்ணீருக்கு ஒரு அணை. ரேடியல் சாலை ஏற்கெனவே சதுப்பை இரண்டாக வெட்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் பட்டது போதும். மேற்கே இணைப்பு குறைவாக இருப்பது இந்த ஊர் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய விலை.

திறக்க வேண்டியது மேட்டு நிலத்துக்குள். இங்கேதான் எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. பின்கேட்டைத் திறந்தால் மேப்பைப் பார்த்துக்கொண்டு ஊரில் உள்ள கார் எல்லாம் எங்கள் தெருவில் வரும் என்பார்கள். உண்மைதான், வரும். சங்கிலிப் பறிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு என்ற பயமும் பொய்யில்லை. ஆனால் காருக்குத் திறக்கச் சொல்லவில்லையே. இரண்டு மீட்டர் அகலத்தில் நடைபாதை, நடுவில் வண்டி நுழையாதபடி கல் கம்பம், தெருவிளக்கு. நடக்கிறவரும் சைக்கிளும் போகட்டும். பள்ளிக்கூட வேன்களில் ஒரு பங்கு அதிலேயே குறைந்துவிடும். பக்கிங்ஹாம் கால்வாயின் மேலும் தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்காத உயரத்தில் நடைபாலங்கள் போட்டால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை ஆட்கள் ஓஎம்ஆர் வேலைக்கு நடந்தே வரலாம். கார் பாலத்துக்கு வேண்டிய நிலத்தில் சிறு பகுதிதான் இதற்குத் தேவை.

ஏற்கெனவே தானப் பத்திரம் ஆன தெருக்கள் எங்கெங்கே ஒரு மதிலின் இரு பக்கமும் முட்டி நிற்கின்றன என்று மாநகராட்சி வரைபடத்தில் குறித்தாலே முதல் பட்டியல் தயாராகிவிடும். நடுவில் ஒரு மனையோ அரை மனையோ வாங்க வேண்டியிருக்கும். ஒரு மேம்பாலத்தின் செலவில் இப்படி எத்தனையோ மனைகளை வாங்கலாம். புதிதாக அனுமதி கேட்கும் பெரிய நிலங்களுக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு மாதிரியே குறுக்குவழி ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கலாம். நாவலூருக்குத் தெற்கே இன்னும் கட்டடம் ஏறாத நிலம் நிறைய இருக்கிறது. அங்கே மனை ஏறுவதற்கு முன் தெருக்கோட்டைப் போட்டுவிட வேண்டும். புதிய பெருநகர எல்லைக்குள் இதை முதல் வேலையாக வைத்துக்கொண்டால் சிஎம்டிஏவுக்கு நல்லது.

அவசரம் மெட்ரோவால் கூடியிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மூன்றாவது வழித்தடம் ஓஎம்ஆரின் மேலேயே போகிறது. சோழிங்கநல்லூரில் ஐந்தாவது வழித்தடமும் வந்து சேர்கிறது. நிலையத்திலிருந்து 500 மீட்டர் வட்டம் போட்டு, இத்தனை ஆயிரம் பேர் நடந்து வருவார்கள் என்று கணக்குப் போடுவது வழக்கம். காக்கை பறக்கும் தூரத்துக்குத்தான் அந்த வட்டம் பொருந்தும். மதில்களைச் சுற்றி நடக்கிறவருக்கு அதில் பாதி நிலம்கூட எட்டாது. வேளச்சேரி வரை 2007-இல் பறக்கும் ரயில் வந்தபோதும் பல நிலையங்களுக்கு நடந்து போகச் சரியான பாதை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மேடைகள் காற்று வாங்கின. இந்த முறை ஒவ்வொரு நிலையத்துக்கும் பின்னால் இருக்கும் மதில்களைக் கணக்கெடுத்து, எந்த எந்த இடத்தில் வழி திறக்கலாம் என்று குடியிருப்போர் சங்கங்களோடு இப்போதே பேச்சைத் தொடங்கினால், ரயில் ஓடும்போது பாதையும் இருக்கும்.